ஷரத்து நாலு: வளாகத்துக்குள் வரக் கூடாது

நீங்களும் கூடப் போறீங்களா? அப்ப மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, இந்தப் பவர் பத்திரத்தை நான் எழுதித் தரமாட்டேன்.

கோவப்படாதீங்க, உக்காருங்க. உங்க டோக்கன் நாப்பத்தொண்ணு. உள்ள இப்பத்தான் பத்தொம்போது போயிருக்கு. நேரம் கெடக்கு. பதினஞ்சு நாள் ஊர்ல இருக்க மாட்டேன், அதுக்குள்ள மனைக் கிரயம் வருது, தம்பி பேருக்குப் பவர் எழுதணும்னு சொன்னீங்க. சரின்னு பேப்பரை எடுத்தேன். எங்க போறீங்கன்னு நான் கேட்டிருக்கக் கூடாது. என் வாய் சும்மா இருக்காது, கேட்டுட்டேன். மவளுக்கு வெளிநாட்டுல எம்.பி.ஏ. படிக்க இன்டர்வியூ, துணைக்குப் போறேன்னுட்டீங்க. அந்த ஒரு வார்த்தையில எனக்குக் கை ஓடல.

நானும் போயிருக்கேன் அண்ணாச்சி. துணைக்குத்தான் போனேன். சிங்கப்பூருக்கு. போன வருஷம், ஆடித்தபசு முடிஞ்ச மறுவாரம். அங்க போய் நான் பண்ணின கூத்தை எம் பொண்டாட்டிக்கே முழுசாச் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்லுதேன். கேட்டுட்டு அப்புறமும் எழுதச் சொன்னீங்கன்னா எழுதித் தாரேன்.

எம்பேரு சங்கரநயினார். போர்டுல பாத்திருப்பீங்க. பத்திர எழுத்தர், முப்பத்தோரு வருஷம். எத்தனையோ ரிஜிஸ்ட்ரார் வந்தாங்க, மாத்தலாகிப் போனாங்க, நான் இந்த ஷீட்டுக் கூரைக்குக் கீழயேதான் இருக்கேன். யாரைப் பாக்கணும், எந்தப் பேப்பர் மேல இருக்கணும், எது அடியில இருக்கணும், எல்லாம் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் உள்ள போவாங்க. பேப்பர் தானா நகராது, பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தான் நகரும், அது என் அனுபவம். எல்லா வினையும் இந்த அனுபவத்துல இருந்துதான் வந்துச்சு.

எனக்கு ஒரே மவ. கோமதி. சென்னையில ஒரு கம்பெனியில அஞ்சு வருஷமா வேலை பாக்கா. எந்தக் குடோன் சரக்கு எந்த லாரியில எந்த வழியாப் போகணும்னு கம்ப்யூட்டர்ல திட்டம் போடுத வேலை. திடீர்னு ஒரு நாள், சிங்கப்பூர்ல ஒரு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டேன், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்கங்கா. காலேஜ் பேரு வேண்டாம், பெரிய காலேஜ். வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பேசலாம், நேர்லயும் வரலாம்னு சொல்லியிருக்கான். இவ நேர்லதான் போவேன்னு நிக்கா. படிக்கப் போற எடத்தைக் கண்ணால பாக்கணுமாம்.

நான் அந்த நேரம் தென்காசி குற்றாலிங்கம் வீட்டுல பேச்சை முடிக்கிற நெலமையில இருந்தேன். பையன் பேங்க்ல ஆபீஸர். தங்கமான எடம். பொண்ணு பாக்க எப்ப வரலாம்னு ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. இவ என்னடான்னா ரெண்டு வருஷம் படிக்கப் போறேங்கா. நான் கத்த, அவ கத்த, செண்பகம், அதான் எம் பொண்டாட்டி, அடுப்படியில பாத்திரத்தைப் போட்டு உருட்ட, ஒரு வாரம் வீடு வீடா இல்ல.

கடைசில அவதான் எறங்கி வந்தா. "சரிப்பா. இந்த ஒரு தடவ போறேன். கிடைக்கலன்னா உங்க தென்காசிக்காரங்களை வரச் சொல்லுங்க. சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கேன்" அப்படின்னா. வேற அப்பனா இருந்தா அந்தப் பேச்சை நம்பி விட்டிருப்பான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? இருபது ரூவா முத்திரைத்தாளை எடுத்தேன்.

சிரிங்க, சிரிங்க. பெத்த மவகிட்ட எழுதி வாங்குன ஒரே அப்பன் இந்த ஜில்லாவுல நாந்தான். ஒண்ணு லக்கமிட்டவர் நான், ரெண்டு லக்கமிட்டவர் அவ. 'நாம் இருவரும் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொண்ட ஒப்பந்தப் பத்திரம்.' நான் சொல்லச் சொல்ல அவளே டைப் அடிச்சா. ஷரத்து ஒண்ணு, அவ இன்டர்வியூவுக்குப் போறதை நான் தடுக்கக் கூடாது. ஷரத்து ரெண்டு, இடம் கிடைச்சா ரெண்டு வருஷத்துக்கு நான் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. ஷரத்து மூணு, கிடைக்கலன்னா மாப்பிள்ளை வீட்டார் வந்து பாக்க அவ சம்மதிக்கணும், மறுபேச்சு கூடாது.

அதோட முடிஞ்சிருக்க வேண்டியது. நான்தான், பொட்டப்புள்ள தனியாப் போகக் கூடாது, நானும் வருவேன்னு ஒத்தக்கால்ல நின்னேன். "அவ சென்னையில அஞ்சு வருஷமாத் தனியாத்தான இருக்கா?"ன்னு செண்பகம் கேட்டா. அது சென்னைன்னேன். அது ஒரு பதிலான்னு இப்ப நீங்க பாக்குத மாதிரிதான் அவளும் பாத்தா. கோமதி கம்ப்யூட்டரைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தா. "வாங்கப்பா. ஆனா அதுக்கும் ஒரு ஷரத்து போட்டுக்கிடுவோம்"ன்னு அவளே அடிச்சா. ஷரத்து நாலு: ஒண்ணு லக்கமிட்டவர் சிங்கப்பூருக்கு வரலாம், காலேஜ் வளாகத்துக்குள் வரக் கூடாது.

அதுக்குக் கீழ, நான் எல்லா ஒப்பந்தத்துலயும் போடுற வால் ஒண்ணு இருக்கு. அதைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன், அவ அடிச்சா. சாட்சி செண்பகம். "அப்பனுக்கும் மவளுக்கும் கோட்டி பிடிச்சிருக்கு"ன்னு திட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டா.

போனோம். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜ். எங்க பாத்தாலும் தமிழ், பூக்கடை, இட்லி. நம்ம ரத வீதியைக் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. மறுநாள் பதினொரு மணிக்கு இன்டர்வியூ. காலையில ஒம்போதுக்கே கோமதி கெளம்பிட்டா. கறுப்புக் கோட்டு, கறுப்பு பேண்ட். "கோயிலுக்குப் போங்க, காப்பி குடிங்க, ஒரு மணிக்கு நான் வந்துருவேன். இந்தத் தெருவைத் தாண்டாதீங்க"ன்னு சின்னப்புள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போனா. நானும் சரி சரின்னு தலையாட்டினேன்.

கோயிலுக்குப் போனேன். காப்பி குடிச்சேன். அதுக்கு மேல கால் நிக்கல அண்ணாச்சி. நான் நெனைச்சேன், அவ்வளவு பெரிய காலேஜ், எந்தெந்த நாட்டுல இருந்தோ வாரான், இவ பேப்பர் எங்கன அடியில கெடக்கோ. பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேண்டாமா? காலேஜுக்கு வெளிய கண்டிப்பா ஒருத்தன் மேசை போட்டு உக்காந்திருப்பான், அவனைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு தோணுச்சு. சிங்கப்பூர்ச் சங்கரநயினாரைத் தேடிப் புறப்பட்டேன். கையில சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, வெறுங்கையோட யாரையும் பாக்கக் கூடாதுல்ல. ஒரு புதுக்கோட்டைத் தம்பி எந்த ரயில்ல ஏறணும், எங்க எறங்கணும்னு சீட்டுல எழுதித் தந்தான்.

ஷரத்து நாலு மறந்துருச்சான்னு கேக்கீங்க. மறக்கல. ரயில்ல அதைத்தான் யோசிச்சுக்கிட்டே போனேன். வளாகத்துக்கு வெளிய நின்னுக்கிட்டு ஆளைப் பாக்குறதுல ஒரு மீறலும் இல்லன்னு முடிவு பண்ணினேன். ஆனா எறங்கி நடந்து போனா, அந்தக் காலேஜுக்கு மதிலே இல்ல! கேட் இல்ல, வாட்ச்மேன் இல்ல, ஒரு எல்லைக் கல்லு கூட இல்ல. ரோடு, புல்லு, அப்புறம் கட்டடம். எது ரோடு, எது வளாகம்? அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஒப்பந்தத்துல வளாகம்னு மட்டும்தான் போட்டிருக்கு, நான்கெல்லை போடல! கெழக்கே இன்னது, மேற்கே இன்னதுன்னு எல்லை சொல்லாத சொத்தைப் பத்தி எழுதின ஷரத்து செல்லவே செல்லாது. எந்தக் கோர்ட்டுலயும் நிக்காது. அந்தச் சந்தோஷத்துல, அண்ணாச்சி, கண்ணாடிக் கதவு தானாத் தெறந்துச்சு, நான் உள்ள போயிட்டேன்.

உள்ள ஒரே குளிரு. மேசை போட்டு ஒரு சீனப் புள்ள உக்காந்திருந்துச்சு. ஆகா, நாம தேடி வந்த ஆளு இதுதான், ஆனா இந்த ஊர்ல உள்ளயே உக்கார வச்சிருக்கான்னு நெனைச்சேன். இன்டர்வியூவுக்கா வந்திருக்கீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு. ஆமான்னேன். இன்டர்வியூவுக்குத்தான வந்திருக்கேன்? இங்க பத்திரத்துக்கு ஒருத்தர்னா கூட வர்ற எட்டுப் பேரும் பத்திரத்துக்கு வந்திருக்கேன்னுதான் சொல்லுவான். பேரு என்னன்னு கேட்டுச்சு. சங்கரநயினார்னேன். அந்தப் புள்ள கம்ப்யூட்டரைப் பாத்துச்சு. முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மிஸ்டர் சங்கரநயினார், பதினொரு மணிக்கு உங்களுக்கு"ன்னு ஒரு அட்டையைக் கழுத்துல மாட்டச் சொல்லிக் குடுத்துச்சு. எம்பேரு அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கு! எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு.

நடந்தது என்னன்னா, நமக்கு ஏது குடும்பப் பேரு? கோமதி பாஸ்போர்ட்டு எடுக்கும்போது கடைசிப் பேருன்னு கேட்ட எடத்துல அப்பன் பேரைப் போட்டோம். நாம எல்லாரும் அப்படித்தான போடுறோம்? அதனால அவங்க பட்டியல்ல அவதான் சங்கரநயினார். அவ கீழ கேண்டீன்ல காப்பி குடிச்சுக்கிட்டு, பத்தே முக்காலுக்குப் போனாப் போதும்னு உக்காந்திருந்திருக்கா. நான் அவ அட்டையை வாங்கிட்டேன். அட்டையில எம்பேரு பெருசாவும் அவ பேரு சின்னதாவும் போட்டிருந்துச்சு. முப்பத்தோரு வருஷமா ஊரான் பேப்பரை எழுத்தெண்ணிப் படிக்கிறவன், எங்கழுத்துல தொங்குனதைப் படிக்கல.

மாடிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு அறையில உக்கார வச்சாங்க. அங்க அஞ்சு பேரு, கோட்டும் சூட்டுமா, வாய்க்குள்ள எதையோ மனப்பாடம் பண்ணிக்கிட்டு. எல்லாம் எம் மவ வயசு. நான் கதர்ச் சட்டை, காராச்சேவுப் பை. எல்லாரும் எழுந்திரிச்சு வணக்கம் சொன்னாங்க. நான்தான் இன்டர்வியூ எடுக்க வந்த ஆளுன்னு நெனைச்சிருக்காங்க. இல்லப்பா, நானும் உங்களை மாதிரித்தான்னு சொன்னேன். வியட்நாம் பையன் ஒருத்தன், சார் உங்க அனுபவம் எத்தனை வருஷம்னான். முப்பத்தொண்ணுன்னேன். எந்தத் துறைன்னான். டாக்குமெண்டேஷன்னேன். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. இவ்வளவு அனுபவத்துக்கு அப்புறம் இந்தப் படிப்பு எதுக்கு சார்னு ஒரு டெல்லிப் புள்ள கேட்டுச்சு. எல்லாம் மவளுக்காகத்தான்னேன். அந்தப் புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு.

பாவமா இருந்துச்சு, பையைப் பிரிச்சு ஆளுக்கு ஒரு கை காராச்சேவு குடுத்தேன். பதட்டத்துக்கு நல்லதுன்னேன். மறுக்க முடியாம வாங்கித் தின்னாங்க. வியட்நாம் பையனுக்குப் புரையேறி மூஞ்சியெல்லாம் செவந்து தண்ணிக்கு ஓடினான். அந்த நேரம் பாத்துத்தான் அவனை உள்ள கூப்பிட்டாங்க. அவனுக்கு என்ன ஆச்சோ, இன்னைக்கும் நெனைச்சுக்கிடுவேன்.

அப்ப கதவு தெறந்துச்சு. கோமதி நிக்கா.

கீழ அந்தச் சீனப் புள்ள, மிஸ்டர் சங்கரநயினார் ஏற்கெனவே மேல போயிட்டார், நீங்க யாருன்னு இவளைக் கேட்டிருக்கு. பாஸ்போர்ட்டைக் காட்டி, எங்கப்பாதான் அதுன்னு விளக்கிச் சொல்லி, மேல வர மணி பதினொண்ணு அஞ்சு. எல்லார் முன்னாலயும் கத்துவாளோன்னு பாத்தேன். கத்தல. பக்கத்துல வந்து கையை நீட்டினா. "குடுங்கப்பா" அவ்வளவுதான். அட்டையைக் கழட்டினேன், பட்டை காதுல மாட்டிக்கிச்சு. அவளே எடுத்து விட்டா. தன் கழுத்துல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டா. அப்ப நான் பட்ட அவமானம் இருக்கே, கல்யாண வீட்டுப் பந்தியில எழுப்பி விட்டாக்கூட அப்படி இருக்காது.

இன்டர்வியூ அறைக்குச் சுவரெல்லாம் கண்ணாடி. கேக்காது, பாக்கலாம். நான் கீழ போகாம அங்கனயே தூணு மறைவுல நின்னேன். உள்ள ரெண்டு பேரு, ஒரு வெள்ளைக்காரி, ஒரு சீனர். கோமதி பேசுதா. கையை ஆட்டி ஆட்டிப் பேசுதா. மேசையில விரலால கோடு போட்டு எதையோ காட்டுதா. அந்தம்மா என்னமோ கேட்டா, இவ தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிச்சா. வீட்டுல எங்கிட்ட ம், சரி, இல்லப்பா, அவ்வளவுதான் பேசுவா. நான் பெத்த புள்ளைதானா இதுன்னு இருந்துச்சு. பொறாமையா இருந்துச்சு அண்ணாச்சி, எதுக்கு மறைக்கணும். யாருன்னே தெரியாத ரெண்டு பேருக்கு இப்படிப் பேசுதாளேன்னு இருந்துச்சு. நடுவுல ஒரு நேரம் பேச்சு நின்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அது கொஞ்ச நேரந்தான்.

திரும்பி வர்ற ரயில்ல அவ பக்கத்துல உக்காந்தேன். நானே ஆரம்பிச்சேன். "ஏட்டி, நான் வளாகத்துக்குள்ள வந்தேன்னு சொல்ல முடியாது. நான்கெல்லை போடாத ஷரத்து செல்லாது"ன்னேன். அவ போனை எடுத்தா. ஒப்பந்தத்தைப் போட்டோ பிடிச்சு வச்சிருக்கா. கடைசிப் பத்தியைப் பெருசாக்கி எங்கிட்ட நீட்டினா. நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்ன வால் அது. 'மேற்படி ஷரத்துகளில் எதையேனும் மீறும் பட்சத்தில், மீறியவர் இந்த ஒப்பந்தத்தால் தமக்குக் கிடைக்கும் சகல பலன்களையும் இழப்பார்.' ஆயிரம் பத்திரத்துல போட்டிருப்பேன். எனக்குக் கிடைக்கிற பலன் என்ன? ஷரத்து மூணு. தென்காசி. அது போச்சு. அவளுக்கு இடம் கிடைச்சாலும் போச்சு, கிடைக்காட்டாலும் போச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தொழில்காரன் புத்தி பாருங்க, தோத்தாலும் ஷரத்து நல்லா இருந்தா ரசிக்கத் தோணுது. "நீ திட்டம் போட்டுத்தான நாலாவதைச் சேத்த?"ன்னேன். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னா: "திட்டமெல்லாம் இல்லப்பா. நீங்க வருவீங்கன்னு தெரியும். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

கேட்டீங்களா? ஊர்ல எம் வாக்கை நம்பி நெலம் கை மாறுது. எம் மவ, நான் வாக்கை மீறுவேன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கா. அவ நம்பிக்கையை நான் காப்பாத்தியும் குடுத்துட்டேன். அப்புறம் நான் சிரிக்கல.

மூணு வாரம் கழிச்சு முடிவு வந்துச்சு. கிடைக்கல. சென்னையில இருந்து செண்பகத்துக்குத்தான் போன் பண்ணிச் சொல்லியிருக்கா.

அந்த வாரமே குற்றாலிங்கம் கூப்பிட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை நல்லா இருக்கு, வரட்டுமான்னு. நீங்க யோசிச்சுப் பாருங்க. இருபது ரூவாத் தாள், பதிவு இல்ல, சாட்சி பொண்டாட்டி. அது செல்லாத பேப்பர்னு இந்த ஊர்லயே எனக்குத்தான் நல்லாத் தெரியும். வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வந்திருப்பாங்க, கோமதியும் அம்மா மூஞ்சிக்காகச் சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னிருப்பா. ரெண்டு நாள் பேப்பரைப் பாத்தேன், காலண்டரைப் பாத்தேன். மூணாம் நாள் பஸ்ஸைப் பிடிச்சுத் தென்காசிக்குப் போயிட்டேன்.

குற்றாலிங்கம் வீட்டுல பஜ்ஜி போட்டு வச்சிருந்தாங்க. பொண்ணுக்கு இப்ப கல்யாண எண்ணம் இல்ல, மன்னிச்சுக்கிடுங்கன்னேன். போன மாசம் வரைக்கும் இருந்துச்சேன்னாரு. இல்ல, எம்பக்கம் ஒரு ஷரத்து மீறல் ஆகிப்போச்சுன்னேன். அவரு தட்டை எம்பக்கம் நகத்தினாரு. பஜ்ஜியைத் தின்னுட்டுப் போங்கன்னாரு. தின்னுட்டு வந்தேன். இப்பவும் கல்யாண வீடுகள்ல என்னைக் கண்டா, பத்திரக்காரர் எப்படி இருக்கீருன்னு சத்தமாக் கேட்டுட்டுப் பக்கத்துல உள்ளவன்கிட்ட என்னமோ சொல்லுவாரு.

எனக்கு அன்னைக்கு ஒரே பெருமை. செல்லாத பேப்பருக்குக் கட்டுப்பட்டவன்டா நீன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தென்காசி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே கோமதிக்குப் போன் போட்டேன். தென்காசிக் காரியத்தை முடிச்சு விட்டுட்டேன், ஷரத்துப்படி நடந்துக்கிட்டேன்னு சொன்னேன். பாராட்டுவாள்னு காத்திருந்தேன். அவ கேட்டா:

"ஏம்ப்பா, எனக்குக் கிடைக்கலன்னு தெரிஞ்சு பத்து நாளாச்சு. ஏன் கிடைக்கலன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

இருங்க, உங்க டோக்கன் இல்ல, அது முப்பது. உங்க பவரு அன்னா அடிச்சு வச்சிருக்கு, பேச்சுவாக்குல கை பாட்டுக்கு அடிச்சுருச்சு. பேரு எழுத்து மட்டும் சரி பாருங்க. போங்க, போகாதீங்க, அது உங்க பாடு. இதை மட்டும் முடிச்சிருதேன்.

நான் கேக்கல அண்ணாச்சி. மேசைக்கு வந்து நிக்கிறவன்கிட்ட தாத்தா பேரு வரைக்கும் கேக்குறவன், மவகிட்ட இதைக் கேக்கல. கேக்க மறந்தேன்னு சொன்னாப் பொய். பயம். என்னால அவ பிந்திப் போன அந்த அஞ்சு நிமிஷம், அந்த அட்டை, கீழ அந்தப் புள்ளைகிட்ட நின்னு அவ விளக்கம் சொன்னது. நான்தான் காரணம்னு சொல்லிருவாளோன்னு பயம். ராத்திரி படுத்தா அந்த அஞ்சு நிமிஷந்தான் வரும். அதனால பேப்பர், ஷரத்து, தென்காசின்னு சுத்திக்கிட்டே இருந்தேன்.

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல, வேற வழியில்லாம கேட்டேன். "ஏட்டி, நான் உள்ள வந்தேனே, அதனாலதான?" அப்படின்னு.

"எது?"ன்னா. நெசமாவே அவளுக்குச் சட்டுன்னு ஞாபகம் வரல. "ஓ, அந்த பேட்ஜா? அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. அதைச் சொன்னதும் அவங்க சிரிச்சுட்டாங்க."

எனக்கு உயிர் வந்துச்சு. ஆனா ஒரு ஓரத்துல, சிரிக்காதீங்க அண்ணாச்சி, கொஞ்சம் ஏமாத்தமாவும் இருந்துச்சு. ஒரு மாசமா நான் தூங்காமக் கெடந்த காரணம், அவ கணக்குலயே இல்ல.

அப்புறம் அவ சொல்ல ஆரம்பிச்சா. ஸ்ரீபெரும்புதூர் குடோன்ல இருந்து போற லாரிக்கெல்லாம் இவ ஒரு புது வழி போட்டாளாம். ரெண்டு மணி நேரம் மிச்சமாச்சாம். கம்பெனியில கை தட்டினாங்களாம். அதைத்தான் இன்டர்வியூவுல பெருமையாச் சொல்லியிருக்கா. எல்லாம் கேட்டுட்டு அந்த வெள்ளைக்காரம்மா கேட்டுச்சாம், அந்தப் புது வழியில டிரைவர்கள் எங்க நிறுத்திச் சாப்பிடுதாங்கன்னு. இவளுக்குத் தெரியலையாம். மூணு வருஷமா அந்த வழியில லாரி விடுதா, தெரியலையாம். அதுக்கு அப்புறம் எது கேட்டாலும் இவளுக்குப் பதில் ஒட்டலையாம். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளே, அப்பத்தான் போல.

ஊருக்கு வந்ததும் லீவு போட்டுட்டு, அந்தப் புது வழியில போற ஒரு லாரியில ஏறிட்டாளாம். ஓசூர் வரைக்கும். டிரைவர் பேரு மகபூப் பாஷாவாம், மொதல்ல ஏத்த மாட்டேன்னு சொன்னாராம். வழியில ஒரு கடையும் இல்லையாம், அவரு மடியில பொட்டலத்தை வச்சு ஓட்டிக்கிட்டே தின்னாராம். இவளுக்கும் பாதி குடுத்தாராம். எம் மவ லாரியில போயிருக்கா, எனக்குத் தெரியாது. நான் பயந்து கத்தியிருக்கணும். கத்தல. நம்ம ஊர் பஸ் ரெண்டு என்னைத் தாண்டிப் போச்சு, ஏறல. அவ சொல்லிக்கிட்டே போனா. அதுல நான் எங்கயுமே வரல. "ம், அப்புறம்?"னு கேட்டுக்கிட்டு நின்னேன்.